கிரேன் ஈயை இனங்காண்பது எப்படி? இறக்கையும் உணர்கொம்பும் பார்த்துப் படிப்படியாக

நீண்ட கால்களும் ஒல்லி உடம்பும் கொண்ட கிரேன் ஈயின் படத்தைப் போட்டு "இது என்ன இனம்?" என்று கேட்டால், பெரும்பாலும் "கிரேன் ஈ" என்ற அளவிலேயே பதில் வந்து நின்றுவிடும். பதில் சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. இதுவரை பெயர் பெற்ற கிரேன் ஈக்கள் 15,000-க்கும் மேல். மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்து அவற்றில் ஒன்றைச் சுட்டுவது யாராலும் ஆகாத காரியம். இறக்கை நரம்புகள் தெளிவாகத் தெரிய வேண்டும். உணர்கொம்பின் கணுக்களை எண்ண முடிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் குடும்பத்தை நம்பிக்கையோடு சொல்லலாம், பேரினத்தைப் பெரும்பாலும் சொல்லலாம், சிற்றினத்தைச் சில சமயம் சொல்லலாம்.

நான் கற்றுக்கொண்டபோது இதை ஒரே இடத்தில் வரிசையாக எழுதி வைத்தவர் யாரும் கிடைக்கவில்லை. கையேடுகள் எல்லாம் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. முதல் கேள்வியிலேயே புரியாத சொல் மூன்று வந்து நிற்கும். முட்டி மோதித்தான் வழி பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. முதலில் அது கிரேன் ஈதானா என்று பாருங்கள்

நீண்ட கால், ஒல்லி உடம்பு என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று அடையாளங்களைப் பாருங்கள். மார்பின் முதுகுப்புறத்தில் 'வி' எழுத்து வடிவில் ஒரு பள்ளக்கோடு இருக்க வேண்டும். தலை உச்சியில் தனிக்கண்கள், அதாவது பெரிய கூட்டுக்கண்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாக இருக்கும் சின்னக் கண்கள், இருக்கக் கூடாது. இறக்கையின் பின்பகுதியில் ஏ1, ஏ2 (A1, A2) என்ற இரண்டு நரம்புகள் முழுதாக ஓடி ஓரத்தைத் தொட வேண்டும்.

ஏமாற்றுபவை சில உண்டு. கொசுவுக்கு நீண்ட உறிஞ்சுகுழலும் இறக்கை நரம்புகளின் மேல் செதில்களும் இருக்கும். கிரேன் ஈக்குச் செதில் கிடையாது. குளிர்காலக் கிரேன் ஈ என்று சொல்லப்படும் டிரைகோசெரிடே குடும்பத்துக்குத் தனிக்கண்கள் உண்டு. அதன் ஏ2 குட்டையாக, சட்டென்று வளைந்து ஓரத்தில் முடியும். டைகாப்டெரிடே குடும்பத்தில் ஓரத்தைத் தொடும் ஏ நரம்பு ஒன்றே ஒன்று. டானிடெரிடே குடும்பத்தில், இறக்கையின் முன்பாதியில் ஓடும் ஆர் (R) நரம்பின் கிளைகள் ஐந்தும் ஓரம் வரை வந்து சேரும். இதெல்லாம் இறக்கையைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் சந்தேகங்கள். நான்கு இறக்கை இருந்தால் அது ஈயே அல்ல. தொங்கும் ஈ என்று அழைக்கப்படும் பிட்டாசிடே குடும்பத்துப் பூச்சி இப்படித்தான் பலரைக் குழப்புகிறது. ஈ என்றால் ஒரு ஜோடி இறக்கைதான். அதன் பின்னால் குண்டூசி போன்ற ஒரு ஜோடி உறுப்பு இருக்கும், அதற்கு ஹால்டியர் என்று பெயர். கிரேன் ஈயில் அது நீளமாக, வெறுங்கண்ணுக்கே தெரியும்.

2. அனுமதியும் கருவிகளும்

படம் எடுப்பதற்கு மட்டும் போகிறீர்கள் என்றால் சிக்கல் குறைவு. பூச்சியைப் பிடித்து வைக்கப் போகிறீர்கள் என்றால், அந்த இடம் காப்புக்காடா, தேசியப் பூங்காவா, தனியார் நிலமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பெரும்பாலும் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்க விடமாட்டார்கள். விண்ணப்பத்தில் யார், எந்த இடம், எந்தக் காலம், என்ன வகை, எத்தனை, எதற்காக, பிறகு மாதிரிகள் எங்கே வைக்கப்படும் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் தேங்கிக் கிடக்கின்றன. ஏதாவது ஒரு கல்லூரியோ அருங்காட்சியகமோ மாதிரிகளைப் பெற்றுக்கொள்ளச் சம்மதித்த கடிதத்தை முன்கூட்டியே வாங்கி இணைத்துவிடுங்கள். பூச்சிகள் வெளிவரும் பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். முதிர்ந்த கிரேன் ஈ சில நாட்கள், மிஞ்சிப்போனால் ஓரிரு வாரம்தான் வாழும். அனுமதி தாமதமானால் அந்த ஆண்டு போச்சு.

கருவிக்குச் செலவு செய்வதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் 10 மடங்கு கைலென்ஸ். இறக்கை நரம்புக்குப் பெரும்பாலும் அது போதும். அடுத்து, கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ். அதற்கும் அப்புறம்தான் இருகண் ஸ்டீரியோ நுண்ணோக்கி. 40 மடங்கு வரை போகும் ஒன்று இருந்தால் உணர்கொம்பு, கண், கால்முள் எல்லாம் பார்த்துவிடலாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் வகை நுண்ணோக்கியை முதலில் வாங்கிவிடாதீர்கள். அது கண்ணாடித் தகட்டில் பதித்ததை மட்டும்தான் நன்றாகக் காட்டும். முழுப் பூச்சியைப் பார்க்க உதவாது. இவை தவிர மெல்லிய முனை இடுக்கி இரண்டு, கண்ணாடித் தகடு, மூடுதகடு, மூடி போட்ட சின்னக் குப்பிகள், 70 சதவீத எத்தில் ஆல்கஹால். கணினியில் செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய உதவி, நெதர்லாந்தின் நேச்சுராலிஸ் இணையதளத்தில் உள்ள உலகக் கிரேன் ஈப் பட்டியல். உங்கள் நாட்டைக் கொடுத்தால் அங்கே பதிவானவை எவை என்று காட்டும். பலவற்றுக்கு இறக்கைப் படமும் உண்டு.

3. உயிரோடு இருக்கும்போதே எடுக்க வேண்டிய படங்கள்

இறந்த பிறகு நிறம் மங்கும், உணர்கொம்பு சுருளும், கால் உதிரும். அதனால் உட்கார்ந்திருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். ஓடைக்கரை, ஈரமான புதர், பாசி படிந்த பாறை, மாலையில் எரியும் விளக்கடி இவையே தேட வேண்டிய இடங்கள். விடிகாலையில் குளிரில் மரத்துப்போய் அசையாமல் இருக்கும். படத்துக்கு அதுவே நல்ல நேரம்.

எடுக்க வேண்டியவை: நேர் மேலிருந்து முழு உடல், பக்கவாட்டில் முழு உடல், தலை மட்டும் பக்கவாட்டில், உணர்கொம்பு முனை வரை தெளிவாக, இறக்கை மட்டும், முடிந்தவரை வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி, வயிற்றின் பின்முனை. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெண்ணுக்குப் பின்முனை கூராக ஊசிபோல் நீண்டிருக்கும், ஆணுக்கு மழுங்கித் தடித்து, கவ்வி போலிருக்கும். ஆணா பெண்ணா என்று தெரியாமல் உணர்கொம்பைப் பற்றி எதுவும் பேச முடியாது. ஏன் என்று ஆறாவது படியில் வரும்.

உட்காரும் விதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிப்யூலா பேரினத்தில் பல இறக்கையை இரு பக்கமும் விரித்து வைத்திருக்கும். லிமோனிடே குடும்பத்தில் பெரும்பாலானவை முதுகின் மேல் மடித்துக்கொள்ளும். இது ஒரு துப்பு மட்டும்தான், விதிவிலக்குகள் நிறைய.

4. பிடித்த பிறகு: குப்பி, சீட்டு, காலம்

ஒரு குப்பியில் ஒரே ஒரு பூச்சி. இந்த விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். கிரேன் ஈயின் கால்கள் தொட்டாலே கழன்றுவிடும். இரண்டு பூச்சிகளை ஒன்றாகப் போட்டால் எந்தக் கால் எதனுடையது என்று பிறகு கடவுளுக்குத்தான் தெரியும். கெண்டைக்காலின் நுனியில் முள் இருக்கிறதா என்பது குடும்பத்துக்குள் பிரிக்க முக்கியமான அடையாளம். ஆகவே உதிர்ந்த காலும் மாதிரியின் பகுதிதான், எறிந்துவிடாதீர்கள்.

ஆல்கஹாலில் வைத்தால் உடல் கெடாது, பின்முனையைப் பிறகு ஆராயலாம். ஆனால் நிறமும் மேல்பூச்சும் போய்விடும். காகிதத்தை முக்கோண உறையாக மடித்து உலர வைத்தால் நிறம் நிற்கும், இறக்கை விரிந்தபடி இருக்கும். ஆனால் உணர்கொம்பு எளிதில் ஒடியும். ஒரே இடத்தில் ஒரே வகை இரண்டு மூன்று கிடைத்தால் ஒன்றை இப்படி, மற்றதை அப்படி வையுங்கள். பிற்பாடு டிஎன்ஏ ஆய்வுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 95 சதவீத ஆல்கஹாலும் குளிர்பதனமும் வேண்டும்.

சீட்டை அன்றைக்கே எழுதுங்கள். இடம், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர் பெயர், பிடித்த விதம், என்ன வகைச் சூழல். குப்பிக்குள் போடும் சீட்டை பென்சிலில் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து எழுத்தும் போய், திரவமும் நீலமாகிவிடும். சீட்டில்லாத பூச்சிக்கு அறிவியல் மதிப்பு கிடையாது. எவ்வளவு அரிய இனமாக இருந்தாலும் அப்படித்தான்.

5. இறக்கையை வாசிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முதல் இறக்கைக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகலாம், போகட்டும். நாலைந்து இறக்கை தாண்டிய பிறகு கண் தானாகப் பழகிவிடும்.

இரண்டு இறக்கைகளையும் முதலில் அப்படியே படம் எடுத்துவிட்டு, அப்புறம் வலது இறக்கையை அடியோடு பிடித்து மெதுவாகக் கழற்றுங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, இறக்கையை மிதக்கவிட்டு, மடிப்பு நீங்கியதும் மூடுதகடு வையுங்கள். வெள்ளைத் தாளின் மேல் வைத்து, கீழிருந்து வெளிச்சம் கொடுத்துப் படம் எடுங்கள். நிரந்தரமாகப் பதிக்க யூபரால் என்ற பதிக்கும் பசையைப் பயன்படுத்தலாம். அது முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை தகட்டைச் சாய்க்காதீர்கள். இரண்டு இறக்கைகளையும் ஏன் படம் எடுக்கச் சொல்கிறேன் என்றால், கிரேன் ஈக்களில் நரம்புக் கோளாறு சகஜம். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு குறுக்கு நரம்பு முளைத்திருக்கும், அல்லது ஒரு கிளை பாதியில் நின்றிருக்கும். ஒரு இறக்கையை மட்டும் பார்த்தவர் அதைப் புது இனம் என்று நினைத்துவிடுவார்.

படத்தை அச்செடுத்து, முன்விளிம்பு மேலேயும் அடிப்பகுதி இடதுபக்கமும் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கையேடுகளும் மேலிருந்து, அதாவது முன்விளிம்பிலிருந்து பெயரிடும். நான் கீழிருந்து தொடங்கச் சொல்வேன். மேலே நரம்புகள் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்த மாதிரி இருக்கும். கீழே தாராளமாக இருக்கும், தவறு வராது.

பின்விளிம்பை ஒட்டி இருப்பது ஏ2. அதற்கு மேல் ஏ1. இரண்டும் ஓரத்தைத் தொடுகின்றன என்று உறுதி செய்துகொண்டு மேலே வாருங்கள். அடுத்தது சியூ (Cu) நரம்பு. அதையும் அதற்கு மேலே உள்ள எம் (M) நரம்பையும் இணைக்கும் சின்னப் பாலம் எம்-சியூ குறுக்கு நரம்பு. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், இறக்கையின் நடுவில் சற்று வெளிப்பக்கமாக நான்கு புறமும் நரம்பு சூழ்ந்த ஒரு சின்ன அறை தெரியும். அதுதான் நடு அறை. கிரேன் ஈ இறக்கையில் வழிகாட்டும் கலங்கரை விளக்கம் அதுதான். எங்கே குழம்பினாலும் அதற்குத் திரும்பி வந்து மறுபடி தொடங்கலாம். நடு அறை மூடியிருக்கிறதா, ஒரு பக்கம் திறந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் மூடியிருக்கும். டாலிகோபெசா என்ற பேரினத்தின் சில துணைப்பேரினங்களில் திறந்திருக்கும்.

நடு அறையிலிருந்து வெளியோரம் நோக்கி எம் நரம்பின் கிளைகள் போகும். மேல்பக்கக் கிளை ஓரத்துக்குப் போகும் வழியில் கவைபோல் இரண்டாகப் பிரிகிறதா? பிரிந்தால் அந்தக் கவைக்குள் இருக்கும் இடம்தான் எம்1 அறை. எம்1 அறை உண்டா, இல்லையா. உண்டென்றால் அதற்குக் காம்பு இருக்கிறதா அல்லது நேராக நடு அறையின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? இந்த ஒரு கேள்வி பல பேரினங்களைப் பிரித்துவிடும். லிமோனிடேயின் லிமோனினே துணைக்குடும்பத்தில் பொதுவாக இந்தக் கவையே இருக்காது.

அடுத்து ஆர்எஸ் (Rs). இறக்கையின் நடுவில் ஆர் நரம்பிலிருந்து பிரிந்து வெளியே போகும் கிளை அது. நீளமா குட்டையா, பிரியும் இடத்தில் வளைவா சாய்வா என்று பாருங்கள். அதிலிருந்து எத்தனை கிளை ஓரத்தை எட்டுகிறது என்று எண்ணுங்கள். லிமோனினேயில் பெரும்பாலும் இரண்டு. அதே குடும்பத்தின் வேறு துணைக்குடும்பங்களான லிம்னோபிலினேயிலும் கியோனினேயிலும் பெரும்பாலும் மூன்று.

கடைசியாக எஸ்சி (Sc). முன்விளிம்பின் தடித்த நரம்புக்கு அடுத்த மெல்லிய நரம்பு. அதன் முடிவு எங்கே என்பதுதான் கேள்வி. டிப்யூலிடே குடும்பத்தில் பெரும்பாலும் அது கீழ்நோக்கி வளைந்து, ஆர் நரம்பின் முதல் கிளையான ஆர்1-இல் போய் முடியும். லிமோனிடேயில் முன்விளிம்பைத் தொடும் கிளை நன்றாகத் தெரியும். இந்த இடத்தை 10 மடங்கு லென்ஸில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இனி, சிக்க வைக்கும் விஷயங்கள். மூடுதகட்டுக்குள் மாட்டிய காற்றுக்குமிழின் விளிம்பு குறுக்கு நரம்பு போலவே தெரியும். ஏ2 இருக்கும் பகுதி மடிந்துகொண்டால் நரம்பு ஒன்று குறைந்தது போலிருக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி பெயர்தான். ஒரு கையேட்டில் எம்4 என்று இருப்பது இன்னொன்றில் சியூ1 என்று இருக்கும். ஆர்2 என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் வெறும் குறுக்கு நரம்பு என்பார். நரம்பு அதேதான், பெயரிடும் முறைதான் வேறு. ஆகவே எந்தக் கீயை (key), அதாவது கேள்வி கேள்வியாகக் கேட்டு இனத்தை நோக்கி அழைத்துப்போகும் அட்டவணையை, பயன்படுத்தினாலும் அதிலேயே உள்ள இறக்கை வரைபடத்தை முதலில் எடுத்து, உங்கள் அச்சுப்படத்தில் அந்தப் பெயர்களையே எழுதுங்கள். இரண்டு கீக்களின் பெயர்களைக் கலந்தால் எங்கோ போய் நிற்பீர்கள்.

நரம்பு தவிர, முன்விளிம்பில் ஆர்1 முடியும் இடத்தருகே உள்ள கறுத்த திட்டு, நரம்புகளின் மேல் புகைபோன்ற கறை, அறைகளுக்குள் முடி இருக்கிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊலா பேரினத்தில் இறக்கைச் சவ்வின் மேலேயே முடி இருக்கும். டிப்யூலாவில் இறக்கை அடியில் உள்ள சின்ன மடல் மேல் முடி உண்டா இல்லையா என்பது துணைப்பேரினங்களைப் பிரிக்கும் அடையாளம். இறக்கையைக் கழற்றும்போது அந்த மடல் உடலோடு தங்கிவிடலாம். அதனால் கழற்றுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

6. உணர்கொம்பின் கணுக்களை எண்ணுவது

உணர்கொம்பின் முதல் கணு நீண்ட உருளை. இரண்டாவது குட்டையான கிண்ணம். மூன்றாவதிலிருந்து கடைசி வரை உள்ளதெல்லாம் சாட்டை. டிப்யூலிடேக்குப் பொதுவாக 13 கணு. லிமோனிடேக்கு 14 அல்லது 16.

எல்லோரையும் சறுக்கவிடும் இடம் இது: சில கையேடுகள் மொத்தக் கணுக்களைச் சொல்லும், சில சாட்டைக் கணுக்களை மட்டும் சொல்லும். மொத்தம் 13 என்றால் சாட்டையில் 11. மொத்தம் 16 என்றால் சாட்டையில் 14. 14 என்ற எண்ணைப் பார்த்தவுடன் எந்த 14 என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்பேட்டில் எப்போதும் "2+11", "2+12", "2+14" என்று எழுதிப் பழகினால் இந்தக் குழப்பமே வராது.

கண்ணால் பார்த்துக்கொண்டே எண்ணாதீர்கள்; எண்ணும்போது பூச்சி சற்று நகர்ந்தாலும் விட்டுப்போகும். பெரிதாக்கிய படத்தில் ஒவ்வொரு கணுவின் மேலும் எண் போடுங்கள். ஒவ்வொரு கணுவின் அடியிலும் சற்றுப் புடைத்து, அங்கிருந்து நீண்ட முட்கள் சுற்றிலும் கிளம்பும். அந்த முள்வட்டத்தை எண்ணினால் கணுவை எண்ணியது போலத்தான். டிப்யூலாவில் பலவற்றுக்கு அந்தப் புடைப்பு கறுப்பாகவும் மீதிக் கணு மஞ்சளாகவும் இருக்கும். எண்ணுவதற்கு அதைவிட வசதி வேறில்லை. கடைசிக் கணு சில சமயம் பொட்டு அளவுதான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். நுனி வெட்டியது போல் தட்டையாக இருந்தால் ஒடிந்திருக்கிறது என்று பொருள். மறுபக்க உணர்கொம்பை எண்ணுங்கள். சில பேரினங்களில் சாட்டையின் முதல் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கணுவாகத் தெரியும், அங்கே கீயின் எச்சரிக்கையைக் கவனியுங்கள்.

எண்ணிக்கை முடிந்ததும் நீளம். கையேடுகள் மில்லிமீட்டரில் சொல்வதைவிட, "பின்னால் மடக்கினால் இறக்கையின் அடி வரை வரும்", "ஹால்டியர் வரை வரும்" என்றுதான் அதிகம் சொல்லும். பக்கவாட்டுப் படம் இதற்குத்தான். ஆணா பெண்ணா என்பது இங்கே பெரிய வித்தியாசம் செய்யும். மெஜிஸ்டோசெரா பேரினத்து ஆணின் உணர்கொம்பு உடலைவிடப் பல மடங்கு நீளம். முதன்முதலாகப் பார்க்கும்போது சிலந்தி நூல் ஒட்டியிருக்கிறது என்றே தோன்றும். லிமோனிடேயைச் சேர்ந்த ஹெக்ஸாடோமாவின் எரியோசெரா துணைப்பேரினத்திலும் சில ஆண்களுக்கு அப்படித்தான், ஆனால் பெண்ணுக்கு உணர்கொம்பு குட்டை. அதோடு, ஹெக்ஸாடோமாவில் கணுக்களின் எண்ணிக்கை 16-ஐவிட வெகுவாகக் குறையும். லிமோனிடே என்றால் 14 அல்லது 16 என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே திகைத்து நிற்பார்கள்.

பிறகு வடிவம். கணுக்கள் உருளையா, மணி கோத்ததுபோலா, சீப்புபோல் கிளை விட்டவையா? டெனோஃபோரா, செல்லியோஃபோரா போன்ற பேரினங்களில் ஆணுக்குச் சீப்பு போன்ற உணர்கொம்பு இருக்கும், பெண்ணுக்கு அப்படி இருக்காது. லிமோனிடேயில் ரிபிடியாவின் ஆண்களுக்கும் கிளைத்த உணர்கொம்பு உண்டு. சீப்பு வடிவம் கண்டதும் குடும்பத்தை முடிவு செய்துவிடாமல் கணுக்களையும் இறக்கையையும் பாருங்கள்.

7. குடும்பத்தை முடிவு செய்தல்

இப்போது இறக்கை, உணர்கொம்பு இரண்டும் கையில் இருக்கின்றன. வாயருகே தொங்கும் தாடை உணர்கையையும் கண்ணையும் ஒருமுறை பார்த்துவிட்டால் குடும்பம் உறுதி.

டிப்யூலிடே: 13 கணு, எஸ்சி ஆர்1-இல் முடியும், தாடை உணர்கையின் கடைசிக் கணு சாட்டைபோல் மிக நீளம், முகத்தின் முன் பெரும்பாலும் மூக்குபோல் ஒரு நீட்சி. லிமோனிடே: 14 அல்லது 16 கணு, தாடை உணர்கையின் கடைசிக் கணு குட்டை, மூக்கு நீட்சி கிடையாது, பெரும்பாலும் சிறிய உடல். 10,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இந்த ஒரு குடும்பத்தில்தான். பெடிசிடே: கூட்டுக்கண்ணின் முகப்புகளுக்கு இடையே நுண்ணிய முடிகள்; பின்னாலிருந்து வெளிச்சம் விட்டால்தான் தெரியும். சிலிண்ட்ரோடோமிடே: 16 கணு, கண்ணில் முடி இல்லை, உலகம் முழுக்க எழுபது சொச்சம் இனங்கள்தான், புதியவர்கள் கையில் இது சிக்குவது அபூர்வம்.

பழைய கையேடுகளில் இந்த நான்கும் டிப்யூலிடே என்ற ஒரே குடும்பத்தின் துணைக்குடும்பங்களாக இருக்கும். அதில் "டிப்யூலிடே" என்று வந்ததை வைத்து இன்றைய பட்டியலில் தேடினால் கிடைக்காது.

8. பேரினத்துக்கு இறங்குதல்: ஓர் எடுத்துக்காட்டு

டிப்யூலிடே என்று தெரிந்தபின் அதிகம் வரும் கேள்வி, டிப்யூலாவா நெஃப்ரோடோமாவா என்பது. இறக்கையைப் பாருங்கள். ஆர்எஸ் நீளமாக இருந்து, எம்1 அறைக்குத் தெளிவான காம்பு இருந்தால் டிப்யூலா. ஆர்எஸ் குட்டையாகச் சாய்ந்து, எம்1 அறை காம்பில்லாமலோ மிகச் சின்னக் காம்போடோ உட்கார்ந்திருந்தால் நெஃப்ரோடோமா. நெஃப்ரோடோமா பெரும்பாலும் மஞ்சளும் கறுப்புமாகப் பளபளக்கும். ஆனாலும் நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நரம்பு சொன்னதை நிறம் ஆமோதித்தால் சரி.

லிமோனிடேயில் சில, இறக்கை ஒன்றாலேயே பிடிபட்டுவிடும். எபிஃப்ராக்மாவில் முன்விளிம்புக்கும் எஸ்சிக்கும் நடுவே ஒரு கூடுதல் குறுக்கு நரம்பு. ஆன்டோகாவில் இறக்கையின் பின்மூலை ஏறக்குறைய செங்கோணமாகத் துருத்தி நிற்கும். ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள கொனோசியா இரோராட்டாவுக்கு இறக்கை முழுக்கச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். பிடிபடாதவைதான் அதிகம். அவற்றுக்குக் கால்முள் பார்க்க வேண்டும்: லிம்னோபிலினேக்குக் கெண்டைக்கால் நுனியில் முள் உண்டு, லிமோனினேக்கும் கியோனினேக்கும் இல்லை.

இறக்கையே இல்லாத கிரேன் ஈயும் உண்டு. பனியின் மேல் நடந்து திரியும் கியோனியா அப்படிப்பட்டது. சில டிப்யூலாக்களில் பெண்ணுக்கு மட்டும் இறக்கை குறுகிப்போயிருக்கும்.

9. சிற்றினம்: எங்கே நிறுத்த வேண்டும்

இறக்கையும் உணர்கொம்பும் சிற்றினம் வரை கொண்டுபோய்விடும் இடங்களும் இருக்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புல்வெளியை அரிக்கும் டிப்யூலா பாலுடோசாவும் டிப்யூலா ஒலெரேசியாவும் பார்க்க ஒரே அச்சு. இரண்டுக்கும் இறக்கையின் முன்விளிம்பில் பழுப்புப் பட்டை. ஆனால் பாலுடோசாவின் உணர்கொம்பில் 14 கணு, ஒலெரேசியாவில் 13. பாலுடோசாவின் பெண்ணுக்கு இறக்கை வயிற்றைவிடக் குட்டை, ஒலெரேசியாவின் பெண்ணுக்கு நீளம். தலையின் அடிப்பக்கத்தில் கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பாலுடோசாவில் அகலம், ஒலெரேசியாவில் குறுகல். பாலுடோசா கோடையின் முடிவில் ஒரே முறை வெளிவரும். ஒலெரேசியா வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலுமாக இரண்டு முறை. எண்ண வேண்டிய கணு ஒன்றே ஒன்று, ஆனால் பூச்சியே வேறு. டிப்யூலிடேக்கு 13 என்ற பொதுவிதியைப் பாலுடோசா மீறுவதையும் கவனியுங்கள்.

இப்படிப்பட்ட வாய்ப்பு எப்போதும் கிடைக்காது. டிப்யூலா பேரினத்தில் மட்டும் 2,000-க்கும் மேல் இனங்கள். பெரும்பாலானவற்றை ஆணின் பின்முனையில் உள்ள கவ்வியின் வடிவத்தால்தான் பிரிக்க முடியும். அதற்குப் பின்முனையை வெட்டியெடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துச் சதையைக் கரைத்து, நீரில் கழுவி, கிளிசரினில் வைத்துப் பார்க்க வேண்டும். தோலை அரிக்கும் கரைசல் அது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். வெட்டிய பகுதியைச் சின்னக் குப்பியில் போட்டு, அதே பூச்சியோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

இதைச் செய்யாத நிலையில், "டிப்யூலா, சிற்றினம் தெரியவில்லை" என்று எழுதி நிறுத்துவதுதான் நேர்மையான பதிவு. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகள் சிற்றினப் பெயரைத் தயங்காமல் நீட்டும். நரம்பைப் பார்க்காமல் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தவறான பெயர் ஒருமுறை பொதுத் தரவில் ஏறிவிட்டால், அடுத்தவர்கள் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் தரும் பெயருக்கு அந்தச் செயலி பொறுப்பேற்காது. பெண் பூச்சி மட்டும் கிடைத்தால் அதே இடத்தில், அதே வாரத்தில் ஆணைத் தேடுங்கள்.

10. நிபுணரிடம் கேட்பது

கிரேன் ஈ தெரிந்தவர்கள் உலகிலேயே கொஞ்சம் பேர்தான், அவர்களுக்கு வரும் கடிதங்கள் ஏராளம். முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள்: முழு உடல் படம், பெயரிட்ட இறக்கைப் படம், எண்ணிட்ட உணர்கொம்புப் படம், ஆணா பெண்ணா, இடம், உயரம், தேதி. கீயில் எந்தக் கேள்வி வரை வந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்றும் எழுதுங்கள். அப்படி எழுதியவர்களுக்குப் பதில் வரும், "இது என்ன?" என்று ஒரே வரி எழுதியவர்களுக்குப் பெரும்பாலும் வராது.

மாதிரியை அனுப்பச் சொன்னால், முதலில் உங்கள் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் உயிரின மாதிரியை எல்லை தாண்டி அனுப்பத் தனி அனுமதி வேண்டும். சேகரித்த அனுமதிக் கடிதத்தின் நகலும் கூடவே போக வேண்டும். ஆல்கஹால் எரியக்கூடியது என்பதால் அஞ்சலிலும் விமானத்திலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. அனுப்பும் சேவையிடம் கேட்டுவிட்டு, குப்பியில் உள்ள ஆல்கஹாலை வடித்து, நனைந்த பஞ்சு மட்டும் இருக்கும்படி வைத்து, மூடியை இறுக்கிச் சுற்றி அனுப்பலாமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கழற்றிய இறக்கையின் தகட்டை மட்டும் உங்களிடமே வைத்துக்கொண்டு அதன் படத்தை அனுப்பினால் போதும். மாதிரி வழியில் தொலைந்தாலும் பேரினத்துக்கான ஆதாரம் உங்கள் கையில் இருக்கும்.